மூன்று வெயில் காய்ந்த சாயங்காலம்

பூவாணிப்பேட்டையில் சாயங்காலம், வேலைக்குப் போனவர் பின்னாலேயே வீட்டுக்கு வரும். ஐந்தரை மணிக்கு ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அதுவும் முதுகுக்குப் பின்னால் நின்றிருக்கும். வழி விட்டதும் உள்ளே நுழைந்து முற்றத்தில் பரவும். கடலைமிட்டாய் கம்பெனிக்குப் போகிறவர் வீட்டுச் சாயங்காலத்தில் வெல்ல வாசனை லேசாக அடிக்கும். தீப்பெட்டி ஆலைக்காரர் வீட்டில் கொஞ்சம் மருந்து வாடை. பஸ் ஓட்டுகிறவர் கொண்டுவருவது கசங்கிப் போய் வரும். ஒரு தடவை உதறி விரிக்க வேண்டும்.

வேலைக்குப் போகாதவர்களுக்குச் சாயங்காலம் கிடையாது. வீட்டிலேயே இருந்து சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்க்கிறவர்களுக்கும் கிடையாது. அது வேலையில் சேர்த்தியில்லை என்று எப்போதோ யாரோ எழுதி வைத்துவிட்டார்கள். எழுதி வைத்தவருக்கு அன்றைக்கு யார் சோறு போட்டார்கள் என்று அதில் குறிப்பு இல்லை.

ஐம்பத்தெட்டு வயதில் வேலை முடிந்து வீட்டோடு இருக்கிறவர்களுக்கும் வராது என்பதால், ஊரில் எல்லோரும் சாயங்காலத்தைக் காயவைத்து எடுத்து வைப்பார்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. விளக்கு ஏற்றுவதற்கு முன்னால், மேற்கு மூலையிலிருந்து பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்ட வேண்டும். கிழக்கிலிருந்து சுருட்டினால் கிழிந்துவிடும். கத்தியால் விரல் நீளத்துக்கு நறுக்கி, கல்லுப்பு போட்ட மோரில் ஊறவைத்து, மறுநாளிலிருந்து மொட்டைமாடியில் பழைய வேட்டியை விரித்து மூன்று வெயில் காட்ட வேண்டும். நாலாவது வெயில் பட்டால் அது மத்தியானமாகிவிடும். அப்புறம் எதற்கும் ஆகாது. வேண்டும்போது எண்ணெயைக் காயவைத்துப் போட்டால் பொரிந்து மேலே வரும். வீடு முழுக்க ஆரஞ்சு வெளிச்சம் பரவும். எங்கேயோ கிளிகள் கூட்டமாகப் போகிற சத்தம் கேட்கும்.

செண்பகவல்லிக்கு இந்த வேலை பிறந்த வீட்டிலேயே கைவந்தது. வாரத்துக்கு ஒன்று எடுத்து வைப்பாள், அதுவும் செவ்வாய்க்கிழமைச் சாயங்காலம். செவ்வாய்க்கிழமைச் சாயங்காலத்தில் யார் வீட்டிலும் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. அதைச் சுருட்டும்போதும் ஓரத்தில் நாலு விரல் விட்டுத்தான் சுருட்டுவாள். அந்த நாலு விரலுக்குள் உட்கார்ந்து மகள் தலையில் பேன் பார்த்து, பூத்தொடுத்து, முடித்துவிடுவாள். அடைமழை பிடித்துக்கொண்ட நாளிலோ, அண்ணன் குடும்பத்தோடு வந்து இறங்கிய நாளிலோ ஜாடியிலிருந்து ஒன்றிரண்டைப் பொரிப்பாள். மற்றதெல்லாம் பிற்காலத்துக்கு. வருஷத்துக்கு ஒருமுறை புரட்டாசி வெயிலில் எடுத்துக் காட்டி, உதறி, திரும்பப் போட்டு மூடுவாள். தெருவில் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம்.

அவள் கணவர் தவசிலிங்கம் கடலைமிட்டாய் கம்பெனியில் பாகுப் பதம் பார்க்கிறவர். கொதிக்கும் வெல்லப்பாகில் ஒரு சொட்டு எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் விடுவார். அது உருண்டதும் எடுத்துக் கல்லில் போடுவார். ‘ணங்’ என்று சத்தம் வர வேண்டும். வந்த நொடியிலேயே “இறக்கு” என்பார். ஒரு மூச்சு முந்தினால் மிட்டாய் பல்லில் ஒட்டும். ஒரு மூச்சு பிந்தினால் கசக்கும். பதினாலு வருஷத்தில் அவர் பதம் ஒருநாளும் தப்பியதில்லை. ஊரிலேயே அவருக்கு அந்தப் பேர் உண்டு.

அந்தக் கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த கோமதிநாயகம் முப்பத்தாறு வயதிலேயே வேலையை விட்டார். இரண்டு அறை நிறைய டின் டின்னாகச் சாயங்காலம் சேர்த்துவிட்டாராம். மாலை போட்டு அனுப்பிவிட்டு வந்த அன்றைக்குத் தவசிலிங்கம் சாப்பாட்டில் கையை வைத்துக்கொண்டு யோசித்தார்.

“ஏ செம்பகம், முப்பத்தெட்டுல நானும் வேலைய விட்டுருதேன்.”

“விட்டுட்டு?”

“சும்மா இருப்பேன்.”

“நீங்க சும்மா இருந்து நான் பாத்ததே இல்லையே. நம்ம கல்யாணத்தன்னிக்கே பந்திக்குப் பின்னால போயி பாயசத்துக்குப் பதம் பாத்துட்டு வந்தவுக நீங்க.”

“அதான் சொல்லுதேன். இன்னும் அஞ்சே வருஷம். தெனம் வார சாயங்காலம் ஒண்ணு விடாமச் சேத்துட்டா, அதுக்கப்புறம் நீ, நான், பிள்ள, மூணு பேரும் ஆயுசுக்கும் சாயங்காலத்துலயே இருக்கலாம்.”

கேட்க நன்றாகத்தான் இருந்தது. செண்பகவல்லி அவர் இலையில் இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அடுத்த திங்கட்கிழமையிலிருந்து தவசிலிங்கம் வாசலில் செருப்பைக் கழற்றிய கையோடு சுருட்ட ஆரம்பித்தார். முதலில் வெள்ளிக்கிழமையை மட்டும் விட்டு வைத்தார். ஒரு மாதம் கழித்து அதுவும் போயிற்று. பிறகு பொங்கல் அன்றைக்கு வந்த சாயங்காலம். ஓரத்து நாலு விரலையும் விடவில்லை. கத்தரியால் சுவரோடு சேர்த்து வெட்டி எடுத்தார். வீட்டில் ஐந்து மணி இருபத்தொன்பது வரைக்கும் வெயிலாக இருக்கும். ஐந்தரைக்கு இருட்டு. இடையில் ஒன்றுமில்லை. கோழிகள் அடைய வேண்டிய நேரம் தெரியாமல், இரை கிளறின காலைத் தூக்கியபடியே முற்றத்தில் நின்றன. செண்பகவல்லி அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்க் கூண்டில் வைத்தாள். அந்திமந்தாரை மொக்கு விட்டுக் காத்திருந்துவிட்டு, மொக்காகவே உதிர்ந்தது.

மகள் வருணிகாவுக்கு அப்போது ஐந்து வயது. தினமும் ஐந்தரைக்கு வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “அப்பா வந்தாச்சு!” என்று கத்துவாள். தவசிலிங்கம், “இரு இரு” என்று சொல்லிக்கொண்டே அவளைத் தாண்டிப் போய் மேற்கு மூலையைப் பிடிப்பார். அவள் கத்தினது முற்றத்தில் இருக்கும்போதே சுருட்டிவிடுவதால், அதுவும் அந்தச் சுருளுக்குள்ளேயே போய்விடும்.

பிள்ளைகள் சாயங்காலத்தில்தான் வளரும். காலையில் பள்ளிக்கூடத்துக்கு ஓடவே சரியாக இருக்கும். மத்தியானம் வெயில். ராத்திரியில் அளவு தெரியாது. அதனால் ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவில் விளையாடிக்கொண்டிருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்துகொள்ளும். வருணிகாவுக்கு அந்த ஒரு மணி நேரம் இல்லை. எனவே அவள் வளரவில்லை.

பக்கத்து வீட்டு முப்பிடாதி அக்கா நல்ல மனசுக்காரி. “ஏ புள்ள, எங்க முற்றத்துக்கு அனுப்பி வை, விளையாடட்டும்” என்றாள். வருணிகாவும் போய் விளையாடினாள். ஆனால் அடுத்த வீட்டுச் சாயங்காலத்தில் விளையாடினால் அந்த வளர்த்தி அந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான் சேரும். இரண்டு மாதத்தில் முப்பிடாதி அக்காவின் மகள் இரண்டு விரற்கடை கூடுதலாக வளர்ந்து நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டாள். அக்கா சங்கடப்பட்டுப்போய் ஒரு டம்ளர் நிறையச் சாயங்காலத்தைக் கைமாற்றாகக் கொடுத்து அனுப்பினாள். செண்பகவல்லி அதை அடுப்படியில் வைத்து மகளுக்கு மட்டும் கொடுத்தாள். வருணிகாவின் இடது கைச் சுண்டுவிரல் நகம் வளர்ந்தது.

மூன்றாவது வருஷம் பள்ளிக்கூடம் திறந்த அன்றைக்குத் தவசிலிங்கம் மகளைச் சீருடையில் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார்.

“அளவாவே இருக்கு பாத்தியா! ஒண்ணாப்புல தச்ச பாவாட. மூணாப்புக்கும் அதே. துணி மிச்சம், தையக்கூலி மிச்சம்.”

“நான் உள்ளார மூணு மடிப்பு வச்சுத் தச்சிருக்கேங்க” என்றாள் செண்பகவல்லி. “வருஷத்துக்கு ஒண்ணாப் பிரிச்சு விட. மூணும் அப்படியே இருக்கு.”

“அதான் சொல்லுதேன். மூணும் மிச்சம்.”

“மடிப்ப மிச்சம் பிடிக்கவா வைப்பாக? பிரிக்கத்தான வைப்பாக?”

தவசிலிங்கம் டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

அந்த வாரம் எஸ்தர் டீச்சர் நோட்டில் எழுதி அனுப்பினார்: ‘மாணவி நன்றாகப் படிக்கிறாள். எட்டாம் வாய்ப்பாடு தடங்கலில்லாமல் சொல்கிறாள். பெஞ்சுக்கு மேல் தலை தெரியாததால் யார் சொல்கிறார்கள் என்பது வகுப்புக்குத் தெரியவில்லை. ஆவன செய்யவும்.’ தவசிலிங்கம் கையெழுத்துப் போட்டு, கூடவே ஒரு மணைக்கட்டையையும் கொடுத்தனுப்பினார்.

அன்றிலிருந்து செண்பகவல்லிக்கு ஒரே எண்ணம்தான். மூன்று மடிப்பையும் பிரிக்க வேண்டும்.

வேலையை விட்டவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்தால் வீட்டுக்காரருக்கு ஒரு தெளிவு வரும் என்று நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேருமாகக் கோமதிநாயகம் வீட்டுக்குப் போனார்கள். வீடு உச்சிவெயிலில் கிடந்தது. நடுக்கூடத்தில் ஒரு நாற்காலி போட்டு, ஒரு சாண் அகலச் சாயங்காலத்துக்குள் தோளைக் குறுக்கிக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். மூக்கும் ஒரு முழங்காலும்தான் அதற்குள் இருந்தன. கையில், வற்றலைத் துணுக்காகச் சீவின பாக்குவெட்டி.

“வாங்க, வாங்க. தவசி, பிள்ள அப்படியே இருக்காளே! நல்லா வச்சிருக்க.”

“என்ன அண்ணாச்சி, துணுக்கா இருக்கு?” என்றாள் செண்பகவல்லி. “ரெண்டு ரூம்பு நிறைய இருக்குன்னாகளே. முழுசாப் பொரிக்கப்பிடாதா?”

“முழுசாவா?” அவர் பாக்குவெட்டியை மடியில் வைத்தார். “தங்கச்சி, நான் தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்துட்டா?”

“மதினிய எங்க காணோம்?”

“அவ அவுக அம்மா வீட்டுக்குப் போயிட்டா. அங்க முழுசாப் பொரிக்காகளாம்.” கோமதிநாயகம் இதை வருத்தமில்லாமல் சொன்னார். “அவ பங்கும் மிச்சம் பாத்துக்கோ.”

திரும்பி வரும் வழியில் தெருமுனை திரும்பும்போது தவசிலிங்கம், “பாக்குவெட்டி நல்ல யோசன” என்றார்.

செண்பகவல்லி மறுநாளே பால்வாடிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிற வேலையில் சேர்ந்தாள். வீட்டில் செய்கிற அதே வேலைதான். ஆனால் படி தாண்டிப் போய்ச் செய்வதால் அது கணக்கில் சேரும். மத்தியானத்தோடு முடிகிற வேலை என்பதால் அவள் பின்னால் அரைச் சாயங்காலம்தான் வந்தது. மஞ்சள் வெயில் இருந்தது, சிவப்பு இல்லை. காற்று இருந்தது, கிளிச் சத்தம் இல்லை. செண்பகவல்லி அதைப் பின்கட்டில் விரித்து மகளை இறக்கிவிட்டாள். வருணிகா அதற்குள் நின்று நாலு பக்கமும் பார்த்தாள்.

“இதுல என்னம்மா செய்யணும்?”

“ஒண்ணும் செய்ய வேண்டாம். ஓடு.”

ஓடினாள். முதல் பாதிச் சாயங்காலத்தில் கால்தான் வளரும் என்பதால் அவளுக்குக் கால் மட்டும் வளர்ந்தது. நாலு மாதத்தில் விளக்கு சுவிட்சு எட்டியது. சட்டை அப்படியே இருந்தது. செண்பகவல்லி பாவாடையில் ஒரு மடிப்பைப் பிரித்தாள். மேல்பாதி வளர வேண்டுமானால் சிவப்பு விழுகிற பின்பாதி வேண்டும். அது தவசிலிங்கத்திடம்தான் இருந்தது.

அவர் பின்கட்டுக்கு வந்து மனைவியின் அரைச் சாயங்காலத்தைத் தொட்டுப் பார்த்தார். “இதையும் காய வச்சோம்னா ஒரு வருஷம் முந்தியே விட்டுரலாம்” என்றார்.

“கைய எடுங்க.”

“இல்ல செம்பகம், சும்மா ஒரு கணக்கு...”

“இது எனக்கு வந்தது. உங்களுக்கு வாரதுல பின்பாதி மட்டும் பிள்ளைக்கு விடுங்க. முன்பாதிய நீங்களே வச்சுக்கோங்க. பாதிக்குப் பாதி. நான் என்ன ஊதாரியா?”

“பின்பாதிதான் நல்லாக் காயும்” என்றார் தவசிலிங்கம். அவர் பொய் சொல்லவில்லை. சிவப்பில் ஈரம் குறைவு.

புரட்டாசி வந்தது. செண்பகவல்லி தன் ஜாடியைத் திறந்து செவ்வாய்க்கிழமைகளை மாடியில் பரப்பினாள். சலசலவென்று இருந்தன. பரணில் அவர் அடுக்கியிருந்த டின்களையும் வெயிலில் காட்டச் சொன்னாள். நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். அவரும் நாலு வருஷமாக ஒரே பதிலைத்தான் சொன்னார். மூடியைத் திறந்தால் வாசனை போகும், வாசனை போனால் ஒவ்வொன்றிலும் ஒரு நிமிஷம் குறையும், அத்தனைக்கும் சேர்த்தால் எவ்வளவு ஆகும் தெரியுமா?

ஐப்பசி மழையில் பரண் கட்டை வளைந்து தொங்கியது. டின்களுக்குள்ளிருந்து உறுமல் மாதிரி ஒரு சத்தம். தவசிலிங்கம் ஏணி போட்டு ஏறி ஒரு டின்னை இறக்கி, மூடியை நெம்பித் திறந்தார். உள்ளே துண்டு துண்டாக எதுவும் இல்லை. எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி, டின்னின் வடிவத்திலேயே ஒரே கட்டியாக, செம்பழுப்பாக உறைந்திருந்தது. அடுத்த டின்னும் அப்படியே. கடைசி டின் வரைக்கும் அப்படியே.

அவர் ஒரு ஓரத்தை உடைத்துக் கல்லில் போட்டார். ‘ணங்’ என்றது. ஒரு நுனியை நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“பிந்திருச்சு” என்றார்.

அந்த வார்த்தையை அவர் அதற்கு முன்னால் சொன்னதில்லை. இனி அதில் ஒன்றைத் தனியாக எடுக்க முடியாது. எடுத்தால் எல்லாம் வரும். கட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பாகுக்குள் கடலைப்பருப்பு நெருக்கமாகப் பதிந்திருக்கிற மாதிரி உள்ளே எதுவோ பதிந்திருந்தது. காதில் வைத்துக் கேட்டார். ‘அப்பா வந்தாச்சு. அப்பா வந்தாச்சு. அப்பா வந்தாச்சு.’ டின் டின்னாக உட்கார்ந்து கேட்டார்.

“எம்புட்டுத் தடவ கூப்பிட்டிருக்கா?”

“தெனமும்தான்.”

“நான் என்ன சொன்னேன்?”

“இரு இருன்னு சொன்னீக. அதுவும் உள்ளதான் கெடக்கும். நல்லாக் கேளுங்க.”

அவர் நன்றாகக் கேட்டார். கிடந்தது.

பிந்திப் போன பாகை வீணாக்குகிற வழக்கம் கம்பெனியில் கிடையாது. கொஞ்சம் தண்ணீர் விட்டு, சின்னத் தீயில் இளக்குவார்கள். அப்படி இளகினதை மறுபடி வில்லை போட முடியாது. அன்றைக்கே ஊற்றித் தீர்க்க வேண்டும். தவசிலிங்கம் கம்பெனிக்குப் போய்ப் பெரிய செம்புச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். முற்றத்தில் கல்லைக் கூட்டி, விறகு வைத்து, செண்பகவல்லி தீ மூட்டினாள். கட்டிகளை உடைத்துப் போட்டார்கள். அவள் துடுப்பால் கிண்டிக்கொண்டே கேட்டாள்:

“யோசிச்சுக்கோங்க. ஊத்துனா தீந்து போகும். முப்பத்தெட்டுல விட முடியாது. அம்பத்தெட்டு வரைக்கும் பதம் பாக்கணும்.”

தவசிலிங்கம் மகளைப் பார்த்தார். ஒன்பது வயதுக் கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு, ஐந்து வயதுச் சட்டைக்குள், அவள் உரல் மேல் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டியில் குமிழி ஒன்று பெரிதாக எழும்பி உடையாமல் நின்றது.

“இறக்கு” என்றார்.

இரண்டு பேருமாகப் பிடித்து வாசற்படியில் சாய்த்தார்கள். அது நிதானமாக வழிந்தது. முதலில் முற்றம் நிறைந்தது, பிறகு வீடு. வாசல் தாண்டித் தெருவில் இறங்கி, முனையில் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய் நின்றது. கோழிகள் தூக்கியிருந்த காலைக் கீழே வைத்துவிட்டு, வரிசையாகக் கூண்டுக்குள் போயின.

அந்தச் சாயங்காலம் தீருவதற்குள் சுவர்க் கடிகாரத்தின் சின்ன முள் நாற்பத்துநாலு சுற்று சுற்றியது. ஐந்தரைக்கு மேல் யாரும் வேலைக்குப் போகிற வழக்கம் இல்லை என்பதால் தெருவில் யாரும் போகவில்லை. முப்பிடாதி அக்கா தெருப்பிள்ளைகளை எல்லாம் வீட்டை விட்டுத் துரத்தினாள். “போங்க, போயி நல்லா விளையாடுங்க. இது வருணி வீட்டுது. கடன் கெடக்கு” என்றாள். பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் நொண்டியும் கண்ணாமூச்சியும் விளையாட, வளர்த்தி அத்தனையும் வருணிகாவுக்கு வந்து சேர்ந்தது. கால்கள் ஏற்கெனவே வளர்ந்திருந்ததால் பொறுமையாக நின்றன. இடுப்பு வந்தது, தோள் வந்தது, கழுத்து நிமிர்ந்தது, முன்பல் இரண்டு விழுந்து முளைத்தன. செண்பகவல்லி ஊசியும் நூலுமாகப் பக்கத்திலேயே இருந்து இரண்டாவது மடிப்பைப் பிரித்தாள். சட்டைக்குத் தன் பழைய சேலையிலிருந்து துண்டு வைத்தாள். மூன்றாவது மடிப்பைப் பிரிக்கும்போது நூலைத் தவசிலிங்கம் பல்லால் கடித்தார்.

அவருக்குத்தான் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது. மேற்கு மூலையைப் பார்க்கும்போதெல்லாம் கை தானாக அந்தப் பக்கம் போனது. கடைசியில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார். வருணிகா வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அதே மாதிரி கையை வைத்துக்கொண்டாள். அவள் நாலு வருஷமாகக் கேட்க வைத்திருந்ததை ஒவ்வொன்றாகக் கேட்டாள். பாகில் சொட்டு எதற்கு உருளுகிறது? கடலைக்குத் தோல் எங்கே போகிறது? அப்பாவுக்கு யார் பதம் பார்ப்பார்கள்?

“உங்கம்மாதான்” என்றார்.

“நான் சத்தமே கேக்கலையே?”

“கேக்கிறவுகளுக்குக் கேட்டுச்சு” என்றாள் செண்பகவல்லி, ஊசியைத் தலைமுடியில் தடவிக்கொண்டே.

கோமதிநாயகமும் வந்தார். தன் வீட்டுச் சாயங்காலத்தைப் பூட்டிவிட்டு, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, நாற்காலியோடு வந்து தெருமுனையில் உட்கார்ந்தார். “இங்க சும்மா கெடக்குதே, வீணாப் போகுதேன்னு வந்தேன்” என்றார். செண்பகவல்லி அவருக்கும் காப்பி கொடுத்தாள். அவர் பாதியைக் குடித்துவிட்டு, மீதியை ஒரு சின்னப் பாட்டிலில் ஊற்றி மூடினார்.

நாற்பத்துநாலாவது சுற்று முடிந்ததும் சிவப்பு மெல்ல வடிந்தது. ஒரு ராத்திரி வந்தது. எல்லோரும் நன்றாகத் தூங்கினார்கள். விழித்தபோது வருணிகா கண்ணாடி முன் நின்று தலை பின்னிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயதுக்கு என்ன உயரமோ அந்த உயரம். ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வாசலில் பால்கார மாரிக்கனி அக்காவின் சைக்கிள் மணி அடித்தது. கேரியரில் இரண்டு பக்கமும் கேன் தொங்கியது. அவள் மூச்சு வாங்க இறங்கி ஸ்டாண்டு போட்டாள்.

“ஏ தாயி, உங்க தெருவுக்குள்ள இத்தன நாளா நுழைய முடியல. வந்த காலைப்பொழுதெல்லாம் தண்ணித் தொட்டிகிட்டயே நிக்கி. கெட்டுப் போகுமேன்னு கேன்ல பிடிச்சு வச்சேன். இருவத்திரண்டு காலை. உங்களுக்கு எம்புட்டு ஊத்த?”

தவசிலிங்கம் அடுப்படிக்குப் போய்ப் பெரிய அண்டா ஒன்றும், குடம் இரண்டும், தூக்குச்சட்டி ஒன்றுமாக எடுத்துக்கொண்டு வந்தார். படியில் வரிசையாக வைத்தார். வைத்துவிட்டு நிமிர்ந்தபோது வருணிகா ரிப்பனைக் கொடுத்து, முடிந்துவிடச் சொல்லி முதுகைக் காட்டினாள். அவர் முடிந்துவிட்டார். பிறகு அண்டாவையும் குடங்களையும் திரும்ப எடுத்துக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டு வந்தார்.

“இன்னைக்கு உள்ளது போதும்க்கா” என்றார். “மத்தத தெருவுக்கு ஊத்துங்க.”

மாரிக்கனி அக்கா தூக்குச்சட்டியில் ஊற்றினாள். வெள்ளையாக, கொஞ்சம் பனியோடு, சேவல் சத்தத்தோடு இறங்கியது.

“கூட ஒரு கரண்டி விடுங்கக்கா, நாளைக்கு ஒறை விட” என்றாள் செண்பகவல்லி.

அந்த ஒரு கரண்டியை மண்சட்டியில் விட்டு, தட்டு போட்டு மூடி, அடுப்பு மேடையின் ஓரத்தில் வைத்தாள். தவசிலிங்கம் கம்பெனிக்குக் கிளம்பினார். வருணிகா பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பால்வாடியிலிருந்து மத்தியானம் வந்து செண்பகவல்லி தட்டைத் தூக்கிப் பார்த்தாள். தண்ணீர் விடாமல், கெட்டியாக உறைந்திருந்தது.